ஒளித்து வைத்த பதினோரு கிலோ

நம் பயிற்சி அறையின் ஜன்னல் கம்பியில் ஒரு தடித்த கயிறு கட்டியிருக்கிறது. எத்தனை முறை அலசினாலும் அதிலிருந்து உப்பும் மீனும் கலந்த வாடை போகவில்லை. புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் முதல் நாளே மூக்கைச் சுளித்தீர்கள். "இதைக் கழட்டிட்டு நல்ல ரப்பர் பட்டை மாட்டலாமே மேடம்" என்று உங்களில் ஒருவர் கேட்டபோது, "நான் போறதுக்குள்ள சொல்றேன்" என்றேன். அடுத்த வாரம் கடலூர் போய் அங்கே ஒரு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பிரிவின் பொறுப்பை ஏற்கிறேன். சொல்லாமல் போனால் கயிறு குப்பைக்குப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்து ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். குமராட்சிப் பக்கம் நாற்று நட்டுப் பிழைக்கும் குடும்பத்தில் பள்ளிக்கூடப் பை மாட்டிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தபோது என் அண்ணன், "நாலரை வருஷம் படிச்சது கையப் புடிச்சு உடுறதுக்கா?" என்று கேட்டான். சிதம்பரம் கடைத்தெருவில் இன்றைக்கும் நம்மை மாலிஷ் டாக்டர் என்கிறவர்கள் உண்டு. அந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்று நான் காட்டிய நாள் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது அது. பாதிப் பொழுது வரை அந்த நாள் எனக்கு எதிராகத்தான் போனது.

கலியமூர்த்தி கிள்ளைக்கு அப்பால் கடலோரக் குப்பத்துக்காரர். கரைவலை இழுப்பவர். கரைவலை பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு படகு வலையைக் கடலுக்குள் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பும். வலையின் இரண்டு முனையிலும் நீளக் கயிறு இருக்கும். கரையில் ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று, இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி, பின்பக்கம் சாய்ந்து இழுப்பார்கள். இரண்டு வரிசையும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் அந்தப் பக்கமாகவே வெளியேறிவிடும்.

ஒருநாள் அலை வெட்டி இழுத்ததில் கயிறு கலியமூர்த்தியின் இடது கையைச் சுற்றிக்கொண்டது. மேல்கை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டு, பிறகு நம் பிரிவுக்கு வந்தார். நான்தான் பார்த்தேன். எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். இடது கைக்குத் தனியாகப் பயிற்சி, வலது கைக்குத் தனியாகப் பயிற்சி. நல்ல கையோடு அடிபட்ட கையை ஒப்பிட்டு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். சில மாதங்களில் கை நன்றாகத் தேறியது. வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம். நான் மறந்தும் போனேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் மனைவி அஞ்சலாட்சி வந்தார். வரிசையில் நிற்கவில்லை, சீட்டு வாங்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"டாக்டரம்மா, எங்க வூட்டுக்காரு பொய் சொல்றாரா, நெஜம் சொல்றாரா? நீங்கதான் சொல்லணும்."

"உட்காருங்க. என்னாச்சு?"

"ஏமாத்துறாராம். ஊரே சொல்லுது. எந்தம்பியே சொல்றான்."

உட்கார வைத்துக் கேட்டேன். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் அடிபட்டவன் திரும்பி வரும்வரை வலையில் விழும் மீனில் அவனுக்கு அரைப் பங்கு தருவார்கள். யாரும் கேட்டு வாங்குவதில்லை, அது முறை. கலியமூர்த்திக்கும் கொடுத்தார்கள். அவர் கயிற்றுக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல். அவர் நின்ற வரிசை தொடர்ந்து பின்தங்கியது. கயிற்றில் அவருக்கு நேர் முன்னால் நின்றவன் அஞ்சலாட்சியின் தம்பி வேலாயுதம். மாமன் விட்ட பாரம் அவன் தோளில் ஏறியது. ஒருநாள் நல்ல மீன் கூட்டம் வலைக்குள் வந்தும் அந்தப் பக்கம் கோணியதால் பெரும்பகுதி தப்பிவிட்டது. வலைக்குச் சொந்தக்காரர் தேசிங்கு, "இவன் வேணும்னே கைய ஒதுக்குறான். உக்காந்து அரைப் பங்கு துன்ன ருசி உடல" என்று கடற்கரையிலேயே கத்தினார்.

கலியமூர்த்தி இல்லை என்றார். அப்போது யாரோ, "தராசுல பாத்துருவோமே" என்றார்கள்.

மீன் எடை போடும் தொங்கு தராசை ஏலக்கூடத்துத் தூணில் படுக்கைவாட்டில் கட்டி, கொக்கியில் கயிறு மாட்டி அவரை இழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது கையால் முப்பத்து நான்கு. இடது கையால் இருபத்தாறு. இரண்டும் சேர்ந்தால் அறுபது வர வேண்டுமில்லையா? இரண்டு கையாலும் இழுத்தபோது முள் நாற்பத்தொன்பதில் நின்றுவிட்டது.

"பதினோரு கிலோவ எங்கடா ஒளிச்சு வெச்சன்னு கேக்குறாங்கம்மா. சின்னப் புள்ளைங்க கூட அத சொல்லிதான் கூப்புடுதுங்க. 'பதினோரு கிலோ வராரு'ன்னு."

அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கூடையில் முப்பது கிலோ மீன், அந்தக் கூடையில் இருபது கிலோ மீன் என்றால், இரண்டையும் ஒன்றாக மாட்டினால் ஐம்பது. குறைந்தால் நடுவில் யாரோ எடுத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கத் தராசு அவர்களுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறது. கையையும் கூடையைப் போலவே கூட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடும். கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். "நான் எதையும் ஒதுக்கல" என்று சொல்லி எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கயிற்றை விட்டு நீக்கம். ஒரு வலையில் ஏமாற்றுக்காரன் என்று நீக்கியவனை அந்தக் கரையில் வேறு எந்த வலையும் சேர்க்காது.

"அப்ப சத்தியம் பண்ணிட வேண்டியதுதானே?" என்றேன்.

"மாட்டேங்கிறாரும்மா" என்றார். அப்போதுதான் அழுதார். "அதான் எனக்கே பயமா இருக்குது."

மறுநாள் கலியமூர்த்தியை வரவழைத்தேன். முகம் கறுத்துப் போயிருந்தது. எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"நான் முழுசாதாம்மா இழுத்தன். எனக்குத் தெரிஞ்சு எதையும் ஒதுக்கல. ஆனா தராசு வேற சொல்லுதே. அது யாருக்கு மாமன் மச்சான்? ஒருவேள பயத்துல என் கையே என்னை ஏமாத்துதோ என்னவோ. அம்மன் எதுருல எத நம்பிக் கைய வெக்கிறது?"

பொய் சொல்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு கற்பூரத்தை அணைத்துவிட்டுப் போயிருப்பான். இவர் நேர்மையாக இருந்ததால்தான் மாட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது உங்களுக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கையால் முழு பலத்தோடு இழுக்கும்போது வருவதையும், மறு கையால் இழுக்கும்போது வருவதையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இழுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை வராது, கொஞ்சம் குறையும். தசையில் கோளாறு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் முழு ஆணை அனுப்ப மூளைக்கு முடிவதில்லை, ஒரு பக்கம் மறுபக்கத்தைச் சற்று அடக்குகிறது என்கிறார்கள். காரணம் பற்றி இன்னும் விவாதம் இருக்கிறது. நான் படித்தபோது இது ஒரு வகுப்பில் ஐந்து நிமிடம் வந்துபோன செய்தி. தேர்வில் கூடக் கேட்கவில்லை. அன்று வரை நான் அதைக் கண்ணால் பார்த்ததும் இல்லை.

நம் பிரிவுத் தலைவரிடம் போனேன். "கை சரியாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்தாச்சு. வேணும்னா இன்னொரு சீட்டு எழுதித் தரேன். ஊர் வழக்குல ஆஸ்பத்திரி தலையிடக் கூடாதும்மா" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. சீட்டை அஞ்சலாட்சியிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொண்டு வந்தார். "காகிதத்துல என்னா வேணா எழுதலாம், தராசுல எழுத முடியுமான்னு கேக்குறாங்க."

ஞாயிறு எனக்கு விடுமுறை. ஆஸ்பத்திரி சார்பாக இல்லை, என் பெயரில் போகிறேன் என்று முடிவு செய்தேன். பிடியின் பலத்தை அளக்கும் நம் கருவியை எடுத்துப் போகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அவர்கள் நம்புவது அவர்களுடைய தராசை. அதில்தான் காட்ட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியில் நீங்கள் நிரூபிப்பது உங்களுக்கு மட்டும்தான் நிரூபணம்.

மினி பஸ்ஸில் போய் இறங்கி மணலில் நடந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த ஏலக்கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆண்கள் உள்ளே, பெண்கள் ஓரத்தில். எதிரே கோயில் வாசலில் ஒரு தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. கலியமூர்த்தி தூணோரம் தனியாக நின்றார். அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

ஊர்த் தலைவர் வயதானவர், அளந்து பேசுகிறவர். "வாம்மா. சொல்ல வேண்டியத சொல்லு" என்றார்.

சொன்னேன். யாருக்குமே இரண்டு கை சேர்ந்தால் கூட்டுத்தொகை வராது, இவருக்கு வராததும் அதனால்தான் என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. தேசிங்கு எழுந்தார். பருத்த உடம்பு, கழுத்தில் சங்கிலி.

"ரெண்டும் ரெண்டும் மூணுன்னு படிச்சுட்டு வந்துருக்குதுப்பா பொண்ணு!"

கூடமே சிரித்தது. "நானே இழுத்துக் காட்டுறேன்" என்றேன்.

உடம்பைச் சாய்த்து இழுத்தால் எடையும் சேர்ந்துவிடும் என்பதால், தரையில் உட்கார்ந்து, முதுகைத் தராசுக்கு எதிர்த் தூணோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டேன். கால்கள் எதிரே ஒரு மரக்கட்டையில். வலது கை பதினெட்டு, இடது கை பதினாறு. இரண்டும் சேர்த்து இருபத்தொன்பது.

"பாருங்க, அஞ்சு கிலோ குறையுது."

"பேனா புடிக்கிற கைம்மா அது" என்றான் ஒருவன். "எங்க கையும் உங்க கையும் ஒண்ணா?"

அந்தக் கேள்வியில்தான் பதில் இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. "அப்ப உங்கள்ல நல்லா இழுக்குற ஆளு ஒருத்தர் வாங்க" என்றேன்.

வேலாயுதம் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான். போகிற போக்கில் கலியமூர்த்தியைப் பார்த்து, "மாமா, இப்ப பாரு" என்றான். அக்காள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வலது கை நாற்பத்தொன்று. இடது கை முப்பத்தெட்டு. யாரோ உரக்கக் கூட்டிச் சொன்னார்கள்: "எழுவத்தொம்போது!"

இரண்டு கையாலும் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. தராசின் முள் எழுபதைத் தாண்டியது, எழுபத்தைந்தைத் தாண்டியது, எண்பதில் போய் நின்றது.

கூடம் அதிர்ந்தது. விசில் பறந்தது. "ஒரு கிலோ ஜாஸ்தியாவே வருதுடா!" "அந்த அக்காவுக்கு ஒரு டீ சொல்லுங்கடா, பஸ்ஸுல போவட்டும்!" தேசிங்கு கையைத் தட்டிக்கொண்டே, "போதுமா தலைவரே?" என்றார். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். எனக்காகத்தான் வெட்கப்படுகிறார் என்று தோன்றியது. அஞ்சலாட்சி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வராமல் இருந்திருந்தால் அந்த மனிதருக்குச் சந்தேகத்தின் நிழலாவது மிச்சம் இருந்திருக்கும். இப்போது படித்தவள் வந்து, ஊர் நடுவில் சோதனை வைத்து, அவர் ஏமாற்றுக்காரர் என்று நிரூபித்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த இடத்தில் மூன்று எண்ணங்கள் வந்தன. தராசு சரியில்லை என்று சொல்லலாம். வேலாயுதம் ஒரு கையால் இழுத்தபோது வேண்டுமென்றே குறைத்து இழுத்தான் என்று சொல்லலாம். எழுந்து மினி பஸ்ஸுக்குப் போகலாம். இரண்டாவது எண்ணம் வாய் வரை வந்தது. ஆனால் அது தேசிங்கு சொன்ன அதே வார்த்தைதான். கணக்கு பொருந்தவில்லை என்றால் ஆள் பொய் சொல்கிறான் என்பது. அதை மறுக்கத்தானே நான் வந்தேன்? வேலாயுதம் பொய் சொல்லவில்லை, கலியமூர்த்தியும் பொய் சொல்லவில்லை, தராசும் சரி. மூன்றும் உண்மையென்றால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன வித்தியாசம்?

துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்த வேலாயுதத்திடம் போனேன். "கைய காட்டுங்க."

காட்டினான். இரண்டு உள்ளங்கையிலும் காய்ப்பு, ஒரே மாதிரி, ஒரே இடத்தில். கலியமூர்த்தியிடம் போய் அவர் கையைத் திருப்பினேன். காய்ப்பு உரிந்து, தோல் மிருதுவாகியிருந்தது.

"தம்பி, கயிறு புடிச்சு எத்தினி வருஷம்?"

"மீச மொளைக்கிறதுக்கு முன்ன புடிச்சது."

"நடுவுல எப்பவாவது நிறுத்தினீங்களா?"

"நிறுத்துறதா? தாலி கட்டுன அன்னிக்கே காலையில வல இழுத்துட்டுதான் மணவறைக்குப் போனன். மீன் நாத்தத்தோட வந்தேன்னு எம்பொண்டாட்டி இன்னும் சொல்லிக்காட்றா."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. வகுப்பில் அந்த ஐந்து நிமிடத்தின் கடைசியில் ஆசிரியர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்திருந்தது: இரண்டு கையையும் சேர்த்தே பழக்கியவர்களுக்கு இந்தக் குறைவு சுருங்கிவிடும், சிலருக்கு இல்லாமலும் போகும். இவன் நாள் தவறாமல் இரண்டு கையாலும் சேர்த்து இழுக்கிறவன். இரண்டு கைக்கும் ஒரே நேரத்தில் முழு ஆணை அனுப்ப அவன் உடம்பு பழகிவிட்டது. கலியமூர்த்தி மாதக்கணக்கில் ஒரு கையைத் தொட்டிலில் வைத்திருந்தார். பிறகும் நாம் கொடுத்தது ஒரு கை, ஒரு கையாகப் பயிற்சி. இரண்டு கையும் தனித்தனியே தேறிவிட்டன. சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் மட்டும் திரும்பவில்லை.

என் ஊகம் சரியாக இருந்தால், முன்பு கயிறு இழுத்து, பிறகு நிறுத்தியவர் எவரானாலும் அவருக்கும் குறைய வேண்டும். தவறாக இருந்தால் எனக்கு அங்கே வேறு வார்த்தை இல்லை.

கூட்டத்தைப் பார்த்து, "முந்தி கயிறு இழுத்துட்டு இப்ப விட்டவங்க யாராவது இருக்கீங்களா?" என்றேன். "நல்ல பலசாலியா இருக்கணும்."

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

தேசிங்கு சொந்த வலை வாங்கியதிலிருந்து கயிற்றைத் தொடவில்லை. கரையில் நின்று குரல் கொடுப்பதோடு சரி. ஆனால் ஒரு காலத்தில் முன்வரிசை ஆள். எனக்கு அவரை விடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். எனக்குச் சாதகமாக அவர் ஒரு கிலோ கூடக் குறைத்து இழுக்கப் போவதில்லை.

"நானா?" என்று சிரித்தார். "இந்தப் பொண்ணு நேரத்த வீணாக்குது."

"பயமா இருந்தா வேணாம் மாமா" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். அஞ்சலாட்சி.

தேசிங்கு சங்கிலியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். துண்டை நானே இறுக்கிக் கட்டினேன். வலது கை முப்பத்து மூன்று. இடது கை முப்பத்தொன்று. "அறுவத்து நாலு" என்றார் தலைவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"கயிற குடு" என்றார் தேசிங்கு. இரண்டு கையாலும் பற்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே மூச்சாக இழுத்தார். முகம் சிவந்தது. கட்டை மணலில் நகர்ந்தது. முள் ஐம்பதைத் தாண்டியது. ஐம்பத்தைந்தில் நின்று நடுங்கியது. அதற்கு மேல் ஏறவில்லை.

"துண்டு இறுக்கமா இருக்குது" என்றார்.

தளர்த்திக் கட்டினோம். மறுபடி இழுத்தார். ஐம்பத்தாறு. மூன்றாவது முறை ஐம்பத்து நான்கு. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் பொய்யாக இழுக்கிறார் என்று அந்தக் கூடத்தில் எந்த மனிதனும் சொல்லியிருக்க முடியாது.

யாரும் சிரிக்கவில்லை. வலை முதலாளியைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் துணிச்சலில்லை. அந்த அமைதியில் அஞ்சலாட்சி ஓரத்திலிருந்து எழுந்து நடுவே வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"மாமா, அந்த எட்டு ஒம்போது கிலோவ எங்க ஒளிச்சு வெச்சீங்க?"

முதலில் சிரித்தது வேலாயுதம்தான். பிறகு கூடமே சிரித்தது. நல்லவேளையாகத் தேசிங்கும், மூச்சு வாங்கிக்கொண்டே, தலையை ஆட்டிச் சிரித்துவிட்டார். "இழுத்தன் புள்ள. சாமி சத்தியமா இழுத்தன்."

"அதத்தான அவரும் சொன்னாரு" என்றார் அஞ்சலாட்சி. அதில் சிரிப்பு இல்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு இருக்குதும்மா. அவன் திருடல, சரி. ஆனா வரிச பின்தங்குறது நெஜம். நான் என்னா பண்றது? வேற வேல பாருன்னு அனுப்பிடவா?"

இதுதான் கடினமான கேள்வி. ஏமாற்றுக்காரர் இல்லை என்று நிரூபித்து, வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று அனுப்பினால் அவருக்கு என்ன மிச்சம்? ஆனால் நான் சொல்லி, கை மறுபடி முறிந்தால் அது என் பொறுப்பு. எலும்பு நன்றாகக் கூடியிருந்ததை நான் எக்ஸ்ரே படத்தில் பார்த்திருக்கிறேன். தோள் முழுதாக உயர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு சொன்னேன்.

"கயித்த விட்டு எடுத்தீங்கன்னா அந்தப் பழக்கம் எப்பவும் திரும்பாது. கயித்துலதான் அது திரும்பும். அலை வெட்டுற முன்பக்கம் வேணாம், கொஞ்ச நாள் பின்பக்கம் நிறுத்துங்க. தெனமும் ரெண்டு கையாலயும் சேர்த்து இழுக்கட்டும். வலி வந்தா அன்னிக்கே என்கிட்ட வரணும்."

"அவரு பழையபடி இழுக்குற வரைக்கும் அந்தப் பாரத்த யாரு தாங்குறது?" என்று ஒருவர் கேட்டார்.

வேலாயுதம் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு முன்னாடியே நிக்கட்டும். நான் பின்னாடி போறன்" என்றான். "இழுக்கலன்னா மொதல்ல எனக்குத்தான தெரியும்?" கலியமூர்த்தி அவனைப் பார்த்தார். அவன் பொத்தான் போடுவதில் மும்முரமாக இருந்தான்.

தலைவர் எழுந்தார். "வழக்கு முடிஞ்சுது. கற்பூரம் வேணாம்."

"வேணும்" என்றார் கலியமூர்த்தி. அன்று மாலை முழுவதும் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

கோயில் வாசலுக்குப் போய் அவரே தீக்குச்சி கிழித்தார். கடற்காற்றில் கற்பூரம் படபடத்து எரிந்தது. வலது கையால் அணைப்பதுதான் அங்கே வழக்கம். அவர் குனிந்து, முறிந்த கையையும் முறியாத கையையும் சேர்த்துக் குவித்து, அதன் மேல் வைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் எதையும் ஒதுக்கல" என்றார். கையை எடுக்க அவசரப்படவில்லை.

தைப் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அவரும் வேலாயுதமும் இங்கே வந்தார்கள். அந்தத் தராசில் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தீர்களா, எவ்வளவு வந்தது என்று ஆவலோடு கேட்டேன். கலியமூர்த்தி சிரித்தார். "அது மீனுக்கும்மா" என்றார். "இப்பல்லாம் வரிச சரியா வருது" என்றான் வேலாயுதம். "நான் மறுபடியும் மாமனுக்கு முன்னாடி வந்துட்டன்." பழைய வலையிலிருந்து வெட்டிய, இரண்டு கை விரித்த நீளக் கயிறு ஒன்றை என் மேசையில் வைத்தார்கள். தேசிங்கு கொடுத்தனுப்பினாராம்.

அன்றிலிருந்து கை முறிந்து வருகிற யாரையும் ஒரு கை, ஒரு கையாகத் தேற்றியதோடு நான் அனுப்புவதில்லை. கடைசி வாரங்களில் அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வைக்கிறேன். சாக்கு தூக்குகிறவர், தண்ணீர்க் குடம் இறக்குகிறவர், கைக்குழந்தையை வாரி எடுக்க வேண்டிய தாய், எல்லோருக்கும் வாழ்க்கையில் வேலை இரண்டு கைக்கும் சேர்த்துத்தான் வருகிறது.

நீங்கள் எதிர்பார்த்த எண்ணில் முள் நிற்காத நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு எதிரில் இருக்கும் ஆள் பொய் சொல்கிறார் என்ற எண்ணம்தான் முதலில் வாய் வரை வரும். அதை அங்கேயே நிறுத்திவிட்டு, அவர் கையைத் திருப்பிப் பாருங்கள்.

ரப்பர் பட்டை வாங்குவதென்றால் வாங்குங்கள். அடுத்த ஜன்னலில் மாட்டுங்கள். கயிறு இருந்த இடத்தில் இருக்கட்டும்.